கீல்வாயு என்னும் சொல்லும் முழங்கால் நோயும்: மாதேஸ்வரன் மலை எல்லையில் ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

நோய்ப்பெயரின் சிக்கல்

தமிழ் மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போரும் அவற்றை ஆராய்வோரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் தலையாயது நோய்ப்பெயர்களுக்குப் பொருள் காண்பதாகும். மூலிகையின் பெயரில் ஐயம் எழுந்தால் செடியைக் காட்டி ஓரளவு தெளிவு பெறலாம். மருந்துச் சரக்கின் பெயரில் ஐயம் எழுந்தால் நாட்டு மருந்துக் கடைக்காரரைக் கேட்கலாம். நோயோ ஓர் உடலில் தோன்றி அவ்வுடலோடு மறைவது. சுவடி எழுதியவர் கண்ட நோயாளி இன்று இல்லை. அவர் எழுதி வைத்த குறிகுணங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அக்குறிகுணங்களை இன்றைய மருத்துவப் பெயர் ஒன்றோடு இணைக்கும்போது நிகழ்வது மொழிபெயர்ப்பா, அடையாளங் காணலா, அல்லது புதிய பொருளை ஏற்றுதலா என்னும் வினா எழுகின்றது.

முதுமையில் முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, நீட்டவும் மடக்கவும் வலியுண்டாகும் நோயை ஆங்கில மருத்துவத்தார் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பர். சித்த மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு நேரான பெயராக வழங்குவது ‘அழல் கீல்வாயு’. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும், தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் எழுதப்பட்ட பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளில் இந்த இணைப்பு ஐயத்திற்கு இடமற்ற ஒன்றாகவே கொள்ளப்பட்டுள்ளது. இணைப்பு தவறு என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அது எவ்வாறு அமைந்தது, மூலநூல்கள் அதற்கு எந்த அளவு இடம் தருகின்றன என்பன தமிழாய்வுக்கு உரிய வினாக்களேயாம். அவ்வினாக்களை ஒரு மொழி எல்லையில் வைத்துப் பார்க்கும்போது வேறு சில செய்திகளும் புலப்படும். அதற்கு உகந்த இடமாக மாதேஸ்வரன் மலை இங்குக் கொள்ளப்படுகின்றது.

கீல், மூட்டு, பொருத்து

உடலில் எலும்பும் எலும்பும் கூடும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. மூட்டு என்பது மூட்டுதல், அதாவது இணைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. பொருத்து என்பது பொருந்துதலினின்று வந்தது. சந்து என்பது வடசொல்லான சந்தியோடு தொடர்புடையது. கீல் என்பதோ கதவும் நிலையும் கூடும் இடத்து இரும்புறுப்புக்கும் உடலின் மூட்டுக்கும் ஒருங்கே வழங்குவது. (மரக்கலங்களுக்குப் பூசும் தாரைக் குறிக்கும் கீல் வேறு சொல், அகராதிகள் இரண்டையும் பிரித்தே காட்டுகின்றன.) மூட்டு என்னும் சொல் இணைப்பை மட்டும் சுட்ட, கீல் என்னும் சொல் அசைவையும் உடன் சுட்டுகின்றது. திறந்து மூடும் இடமே கீல். ஆதலின் அசைவு கெட்ட மூட்டு நோய்க்குக் கீல்வாயு என்னும் பெயர் இயல்பாகவே பொருந்திற்று எனலாம்.

கன்னடத்திலும் மூட்டுக்குக் ‘கீலு’ என்பதே பெயர். முழங்காலை அம்மொழியில் ‘மொணகாலு’ என்பர்; இது தமிழின் முழங்காலோடு ஒரே அடியிற் பிறந்தது. முழங்காலுக்கே கன்னடத்தில் ‘மண்டி’ என்னும் பெயரும் உண்டு. தமிழில் இச்சொல் ‘மண்டியிடுதல்’ என்னும் வழக்கில் நிலைத்துள்ளது. கொள்ளேகாலப் பகுதியில் தமிழரும் கன்னடரும் தத்தம் முழங்கால் வலியைச் சொல்லும்போது ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்காமற் போவதில்லை. வேறுபாடு தொடங்குவது அவ்வலிக்கு மருத்துவர் பெயர் சூட்டும் இடத்தில்தான்.

வளியே முதலாக

உடலை இயக்குவன வளி, அழல், ஐயம் என்னும் மூன்று என்பதும், அவை மிகினும் குறையினும் நோயாம் என்பதும் தமிழில் தொன்மையான கருத்து. திருக்குறளின் மருந்து அதிகாரம் இம்மூன்றையும் வளியை முதலாக வைத்து எண்ணுகின்றது. சித்த மருத்துவ நூல்கள் வளியின் இருப்பிடங்களைக் கூறுமிடத்து எலும்பு, நரம்பு, தோல் ஆகியவற்றோடு பொருத்தையும் சேர்த்துக் கூறும். பத்து வாயுக்களுள் வியானன் உடலெங்கும் பரவிக் கை கால்களை நீட்டவும் மடக்கவும் செய்வது. ஐயத்தின் ஐந்து வகையுள் சந்திகம் என்பது மூட்டுகளில் தங்கி அவற்றைத் தளர்வாகவும் வழுக்குடனும் வைப்பது. ஆக, ஒரு முழங்கால் இனிது இயங்க வேண்டுமாயின் வியானனின் இயக்கமும் சந்திகத்தின் ஈரமும் ஒருங்கே வேண்டும். இவ்விரண்டினிடையே அழல் புகுந்து செய்யும் கேடே பின்னர்ப் பேசப்படும் நோய்க்கு அடிப்படை.

வளிநோய்கள் எண்பது என்பது யூகி வைத்திய சிந்தாமணியின் கணக்கு. நோய்க்குரிய காரணங்களாக அந்நூல் சொல்வன இருதிறத்தன. பகலுறக்கம், இரவு விழிப்பு, பட்டினி, மிகு சுமை, மிகு கலவி, கசப்பும் துவர்ப்பும் மிகுந்த உணவு என்பன ஒருதிறம். பொன்னைக் கவர்தல், பெரியோரை இகழ்தல், தாய் தந்தையரையும் குருவையும் மறத்தல் என்பன மற்றொருதிறம். இரண்டாவது பட்டியலைப் பாடநூலாசிரியர் பலர் விட்டுவிட்டே நூலை மேற்கோள் காட்டுவர். அது வரலாற்றாய்வாளர்க்கு உகந்த முறையன்று. நோய் ஒழுக்கத்தோடு பின்னிக் கிடந்த ஒரு சிந்தனையுலகில் பிறந்த வகைப்பாட்டை, ஒழுக்கத்தை நீக்கிய பின்னும் அதே வகைப்பாடென்று கொள்வது எளிதன்று.

கீல்வாயுவைப் பத்தாகப் பகுக்கும் முறை சபாபதி கையேட்டின் வழியே இன்றைய பாடத்திட்டத்திற்கு வந்துள்ளது. வளி, அழல், ஐயம் ஆகிய மூன்றும் தனித்தனியே மூன்று. இரண்டிரண்டாகக் கூடி ஆறு. மூன்றும் கூடி ஒன்று. கணக்கின் ஒழுங்கு கண்டு இது முழுவதும் நோயாளரைக் கண்டு எழுதியதன்று என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. முக்குற்றங்களின் சேர்க்கையாக நோய்களை அடுக்குவது இந்திய மருத்துவ நூல்கள் அனைத்திற்கும் பொதுவான உத்தி. எனினும் ஒவ்வொரு வகைக்கும் தரப்பட்டுள்ள குறிகுணங்கள் ஒன்றுபோல் இல்லை. அழல் கீல்வாயுவைப் பேசும் பகுதியில் மூட்டு வீங்குதல், வலித்தல், மூட்டினுள் உள்ள நீர் வறளுதல், அசைக்கும்போது ஓசை எழுதல், நீட்ட மடக்க இயலாமை ஆகியன கூறப்படுகின்றன. ஓசை பற்றிய குறிப்பு சிறப்பாக நோக்கத்தக்கது. தேய்ந்த முழங்காலை மடக்கும்போது உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்த எவரும் அந்த நறநறப்பை உணர்ந்திருப்பர். கணக்கிற்காக மட்டும் எழுதியவர் இதனை எழுதியிருக்க மாட்டார்.

வடமொழி மரபில் சரகர் நூலின் சிகிச்சைப் பகுதி, மூட்டினுட் புகுந்த வளியால் உண்டாகும் வீக்கம் காற்றடைத்த தோற்பை போலத் தொடுகைக்குத் தோன்றும் என்றும், நீட்டும்போதும் மடக்கும்போதும் வலிக்கும் என்றும் கூறுகின்றது. சுசுருதர் நூலோ முழங்காலுக்கு மட்டுமே உரிய தனி நோயொன்றைப் பேசுகின்றது. வளியும் குருதியும் கெட்டு முழங்கால் நரியின் தலைபோல் பருப்பது அது. இதே உவமை தமிழ் நூல்களில் நரித்தலை வாதம் என்னும் பெயராக வழங்குகின்றது. மெலிந்த தொடைக்கும் மெலிந்த கணைக்காலுக்கும் நடுவே பருத்த முழங்காலைக் கண்டவர்க்கு இவ்வுவமையின் நுட்பம் விளங்கும். ஆயினும் பாடத்திட்டம் முழங்கால் தேய்வுக்கு நரித்தலை வாதத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. அழல் கீல்வாயுவையே தேர்ந்துகொண்டது.

அழல் என்னும் அடை

இங்கு ஒரு வினா எழுகின்றது. ஆயுர்வேதத்தார் இந்நோயைச் சந்திகத வாதம் என்று வளியின் பெயராலேயே வழங்க, சித்த மருத்துவத்தார் ஏன் அழலின் பெயரால் வழங்கினர்? இரு மரபுகளும் ஒன்றே என்று பேசுவோர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வேறுபாட்டின் வேர் ஆழமானது.

மனிதனின் வாழ்நாளை நூறாண்டெனக் கொண்டு அதனை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குற்றத்தை உரியதாக்குவது இரு மரபுக்கும் பொது. ஆயுர்வேதத்தில் இளமை கபத்துக்கும், நடுவயது பித்தத்துக்கும், முதுமை வாதத்துக்கும் உரியன. சித்த மருத்துவத்திலோ முதல் 33 ஆண்டு 4 மாதம் வளிக்கும், அடுத்த 33 ஆண்டு 4 மாதம் அழலுக்கும், எஞ்சியது ஐயத்துக்கும் உரியன. ஆயுர்வேதம் முதுமையின் மூட்டு நோயை வாதமென்று சொல்வதில் வியப்பில்லை. அவர்களுக்கு முதுமையே வாதகாலம். சித்த மருத்துவக் கணக்குப்படி முழங்கால் தேய்வு பெரும்பாலும் தலைகாட்டும் நாற்பத்தைந்து முதல் அறுபது வரையிலான வயது அழல் காலத்தின் பிற்பகுதியில் விழுகின்றது. அழல் கீல்வாயு என்னும் பெயருக்கு இது பொருத்தமான விளக்கமாகத் தோன்றக்கூடும். ஆனால் கீல்வாயு பற்றிய பகுதிகளில் வயதுப் பகுப்பை நோயின் காரணமாக எடுத்துக்காட்டும் வழக்கம் இல்லை. பொருத்தம் கவர்ச்சியாக இருக்கின்றது என்பதற்காக அதனை நூலாசிரியர் கருத்தென்று ஏற்றிச் சொல்லுதல் முறையன்று.

மூலநூல் இடந்தருவது வேறொரு விளக்கத்திற்கே. அழலின் தொழில் எரித்தல் மட்டுமன்று. உலர்த்தலும் அதன் தொழிலே. மூட்டிலுள்ள நீரை அழல் வற்றச் செய்ய, சந்திகமாகிய ஐயம் தன்னளவிற் குறைய, ஈரமற்ற கீலில் வியானன் தடைப்பட்டு வலியை விளைவிக்கின்றது என்பதே குறிகுணங்களின் வரிசையிலிருந்து பெறப்படுவது. அழல் என்னும் அடையைக் கண்டு மூட்டுத் தொட்டால் சுடும் என்று மட்டும் பொருள் கொண்டால், நீர் வறளுதல் என்னும் குறிப்பு வெறுமனே நின்றுவிடும். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆங்கில மருத்துவத்தில் இந்நோய் வெறும் தேய்மானம், அழற்சியற்றது என்று கருதப்பட்டது. அண்மைப் பதிற்றாண்டுகளில் மூட்டுறையின் மெல்லிய அழற்சியும் இதில் பங்குகொள்கின்றது என்று கண்டுள்ளனர். இதனைக் கொண்டு ‘சித்தர்கள் அன்றே கண்டனர்’ என்று எழுதுவோர் உளர். அழல் என்பது அழற்சியன்று. இரு சொற்களும் ஒரே அடியினவாய் இருப்பது மொழியின் செய்தியேயன்றி மருத்துவத்தின் சான்றன்று. அழற்சி என்பது இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல்லாக்கத்தின் விளைவு.

ஒப்பிடப்படும் பெயரின் வயது

ஒப்பீட்டின் மறுபக்கமும் நிலையானதன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஐரோப்பியரும் நெடுங்காலம் மூட்டு நோய்கள் அனைத்தையும் ஓரிரு பெயர்களுள் அடக்கி வந்தனர். விரல் மூட்டுகளில் தோன்றும் கணுக்களைப் பற்றி எபர்டன் எழுதியது அவர் மறைவுக்குப் பின் 1802இல் வெளிவந்தது. முடக்குவாதத்திற்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் பெயரை ஆல்பிரட் காரட் 1859இல் முன்மொழிந்தார். ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்னும் பெயர் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கிற்கு வந்தது. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது ஆல்பிரட்டின் மகன் ஆர்ச்சிபால்டு காரட் போன்றோரின் எழுத்துகளுக்குப் பின்னரே நிலைபெற்றது. 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்படாதிருந்தால் அப்பிரிவு இத்துணை விரைவில் உறுதியாகியிராது. கதிர்ப்படத்தைக் கொண்டு மூட்டுத் தேய்வை 0 முதல் 4 வரை படிநிலைப்படுத்தும் முறையைக் கெல்கிரன், லாரன்சு ஆகிய இருவரும் 1957இல் வெளியிட்டனர். இன்றும் சித்த மருத்துவ ஆய்வேடுகளில் நோயாளரைத் தேர்ந்தெடுக்க எடுத்தாளப்படுவது அம்முறையே. நாடியும் எண்வகைத் தேர்வும் உடன் குறிக்கப்படினும், ஆய்வில் யார் சேர்க்கப்படுவர் என்பதைப் பெரிதும் கதிர்ப்படமே தீர்மானிக்கின்றது.

எனவே அழல் கீல்வாயுவை இந்நோயோடு இணைத்தல் இருபதாம் நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை. சென்னை மாகாண அரசு 1921இல் முகம்மது உசுமான் தலைமையில் உள்நாட்டு மருத்துவம் பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1923இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி 1925இல் தோன்றி, ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. தி. வி. சாம்பசிவம் பிள்ளை, காவல்துறைப் பணியிலிருந்துகொண்டே திரட்டிய மாபெரும் மருத்துவ அகராதி 1931 முதல் வெளிவரலாயிற்று. தமிழ் நோய்ப்பெயருக்கு எதிரே ஆங்கிலப் பெயரை எழுதும் வழக்கம் வேரூன்றிய காலம் அதுவே. வகுப்பறைக்கும் தேர்வுத்தாளுக்கும் இணைப்பெயர்கள் தேவைப்பட்டன. க. நா. குப்புசாமி முதலியாரின் ‘சித்த மருத்துவம்’ போன்ற பாடநூல்கள் பின்னர் அத்தேவையை நிறைவு செய்தன. முடக்குவாதத்திற்கு வளி அழல் கீல்வாயு, தேய்வுக்கு அழல் கீல்வாயு என்று பிரித்த பிரிவில், காரட் காலத்து ஐரோப்பியப் பிரிவின் நிழல் விழுந்திருப்பது தெளிவு.

பறங்கிப்பட்டை காட்டும் காலம்

கீல்வாயுவுக்கு நூல்களிற் கூறப்படும் மருந்துகளை நோக்கினால் மற்றொரு வரலாறு வெளிப்படுகின்றது. அவற்றுள் பறங்கிப்பட்டை முதன்மையான ஒன்று. சீனத்தினின்று வந்த இக்கிழங்குக்குத் தமிழர் பறங்கி என்னும் அடை கொடுத்தது, அது போர்த்துக்கீசியர் வணிகத்தின் வழியே வந்தமையால். பதினாறாம் நூற்றாண்டில் இதன் புகழ் உலகெங்கும் பரவியிருந்தது. உடற்கூற்று நூலால் பெயர்பெற்ற வெசேலியசு 1546இல் இக்கிழங்கைப் பற்றியே ஒரு திருமுக நூல் எழுதினார். பேரரசர் ஐந்தாம் சார்லசு மூட்டு வலிக்கு இதனை உண்ட செய்தி அதில் இடம்பெறுகின்றது. கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அங்கேயே அச்சிட்ட நூலில் இதற்குத் தனி உரையாடல் உண்டு. ஆகவே பறங்கிப்பட்டையைக் கூறும் எந்தத் தமிழ் நூலும், அகத்தியர் பெயரைத் தாங்கியதாயினும் தேரையர் பெயரைத் தாங்கியதாயினும், அப்பகுதியளவிலேனும் பதினாறாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகாது. சுவடிகளின் காலத்தை உறுதிசெய்ய இதனினும் எளிய உரைகல் கிடைப்பது அரிது.

பறங்கிப்பட்டை எதற்காக வந்தது என்பது அதனினும் முதன்மையான செய்தி. பறங்கிப்புண் எனப்பட்ட மேகநோய்க்கு மருந்தாகவே அது உலகெங்கும் வாங்கப்பட்டது. மேகநோய் முற்றினால் மூட்டுகள் வீங்கி வலிக்கும். மேகவாயு, மேகச்சூலை என்னும் பெயர்கள் தமிழ் நூல்களில் மலிந்திருப்பது இதனால்தான். கீல்வாயுவின் காரணங்களுள் ஒன்றாக மேகத்தைப் பாடநூல்கள் இன்றும் குறிக்கின்றன. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சித்த மருத்துவர் மிகுதியாகக் கண்ட மூட்டு நோயாளி முழங்கால் தேய்ந்த முதியவரா, மேகத்தால் மூட்டு வீங்கிய நடுவயதினரா என்னும் வினா இவ்விடத்து எழுகின்றது. இரசமும் கெந்தகமும் சேர்ந்த செந்தூரங்கள் மூட்டு நோய்க்கு விதிக்கப்பட்டதை நோக்க, அம்மருந்துகளுட் பல இரண்டாமவருக்காகவே எழுந்து, பின்னர் முதலாமவருக்கும் வழங்கலாயின எனக் கருத இடமுண்டு. முழங்கால் தேய்வுக்கு இம்மருந்துகளை ஆராய்வோர், அவை எந்த நோயாளியை நோக்கி எழுதப்பட்டன என்பதை முதலில் உறுதிசெய்தல் நன்று. கன உலோகச் சேர்க்கையுள்ள மருந்தை முதியவர் ஒருவருக்கு நீண்டகாலம் தருவதற்கு முன் எழ வேண்டிய வினா இது. இதனை நூலாராய்ச்சி மட்டுமென்று ஒதுக்குதல் தகாது.

மேகத்துக்கு முற்பட்ட வளி மருத்துவம் எத்தகையது? அதற்குக் கல்வெட்டு ஒன்று துணை செய்கின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்து, கி.பி. 1069ஐ ஒட்டிய கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிக் கூறுகின்றது. மருத்துவர், அறுவை மருத்துவர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கு உரிய நெல்லும் காசும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அப்பட்டியலில் ஆமணக்கெண்ணெயை அடியாகக் கொண்ட தைலங்கள் இடம்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று வெள்ளைப்பூண்டு சேர்ந்தது. பெயர்கள் பெரும்பாலும் வடமொழிப் பெயர்கள். இரசச் செந்தூரங்களின் ஆட்சி இல்லை. வளியை ஆமணக்கெண்ணெயாற் கழியச் செய்து அடக்குதல் அன்றும் முறையாயிருந்தது. இன்றும் சித்த மருத்துவர் மூட்டு நோய்க்குப் பேதி கொடுத்தே மருத்துவத்தைத் தொடங்குவர். கழிச்சலால் வளி தாழும் என்பது தேரையர் மரபில் வழங்கும் விதி. ஆயிரம் ஆண்டுகளில் மாறாது நின்றது இந்த ஒரு படிதான் எனின் மிகையாகாது.

புறமருத்துவத்தில் முழங்காலுக்கு உரியன பல. தொக்கணம், ஒற்றடம், வேது, பற்று, கட்டு என்பன முப்பத்திரண்டு புறமருந்துகளுள் அடங்குவன. நொச்சியிலையை வதக்கி ஒற்றடமிடுதலும், மூசாம்பரத்தை அரைத்துப் பற்றிடுதலும், வாதகேசரித் தைலத்தை இளஞ்சூட்டில் தேய்த்தலும் இன்றும் வழக்கில் உள்ளன. முடக்கறுத்தான் தன் பெயரிலேயே தன் தொழிலைத் தாங்கி நிற்பது. வர்ம நூலார் முழங்காற் சில்லைச் சிரட்டை என்பர். அவ்விடத்து வர்மம் சிரட்டை வர்மம் எனப்படும்.

மாதேஸ்வரன் மலை

ஏழு மலை என்றும் எழுபத்தேழு மலை என்றும் நாட்டுப் பாடல்கள் சொல்லும் மலைத்தொடரில் அமைந்தது மாதேஸ்வரன் மலை. புலியூர்தியினராகிய மாதேஸ்வரர் அங்குக் கோயில் கொண்டுள்ளார். அவருடைய வரலாற்றைக் கம்சாளை இசைத்துப் பாடும் மரபு கன்னட நாட்டார் வழக்காற்றின் செல்வங்களுள் ஒன்று. சோலிகர் என்னும் பழங்குடியினர் அக்கதையிலும் அக்காட்டிலும் சிறப்பிடம் பெற்றவர். சிவராத்திரி, உகாதி, தீபாவளி நாள்களில் கர்நாடக மக்களோடு சேலம், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களிலிருந்தும் தமிழ் மக்கள் திரளாகச் செல்வர். மேட்டூரிலிருந்து பாலாற்று வழியே மலையேறுவது தமிழர்க்குப் பழகிய பாதை. பேருந்து வசதி வந்த பின்னும் நேர்ந்துகொண்டு நடந்தே செல்வோர் குறையவில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் நோகும் என்பது மலைநடை அறிந்தோர் அனைவருக்கும் தெரிந்ததே.

இம்மலை அமைந்த கொள்ளேகால வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்தோடு இணைந்து மைசூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதனுள் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியது நிலத்தை மட்டும் மாற்றவில்லை. மைசூர் அரசு 1908இலேயே மைசூரில் ஆயுர்வேதக் கல்லூரியை நிறுவி, ஆயுர்வேதத்தை அரச ஆதரவு பெற்ற மருத்துவமாக வளர்த்து வந்தது. சென்னை மாகாணமோ உசுமான் குழுவுக்குப் பின் சித்த மருத்துவத்துக்கும் பள்ளியில் இடம் தந்தது. கொள்ளேகாலம் முதலில் சித்தத்தை ஏற்ற ஆட்சியின் கீழும், பின்னர் ஆயுர்வேதத்தை முதன்மையாகக் கொண்ட ஆட்சியின் கீழும் அமைந்தது. மலையும் நோயும் அங்கேயே இருக்க, நோய்க்கு ஏட்டில் எழுதப்படும் பெயர் மாநிலத்தைப் பொறுத்ததாயிற்று.

ஐந்திணை நிலங்களுக்கு உரிய நோய்களைப் பதார்த்த குண சிந்தாமணி வகுத்துரைக்கும். குறிஞ்சிக்கு உரியன ஐயநோயும், குருதியை வற்றச் செய்யும் சுரமும், வயிற்றில் தோன்றும் வல்லைக்கட்டியும். வளிநோய் நிலைகொள்ளும் இடம் நெய்தல். மண்ணீரல் வீக்கத்தோடு கூடிய மலைக்காய்ச்சலை இக்குறிஞ்சிப் பட்டியலில் இனங்காணுதல் கடினமன்று. ஆனால் மலைவாழ்நரின் முழங்கால் வலிக்கு அப்பட்டியலில் இடமில்லை. நூல் எழுதியவர் சமவெளியினின்று மலையை நோக்கியவர் என்பதும், மலையேறிய சமவெளியினரைத் தாக்கிய காய்ச்சலே அவருக்குப் பெரிதாகத் தோன்றியது என்பதும் உய்த்துணரத்தக்கன. சுமையோடு ஏறி இறங்குவோரின் கால் எவ்வாறு தேயும் என்பதை அவர் குறிஞ்சியில் வைத்து எண்ணவில்லை. யூகி அதனை மிகு சுமை என்னும் பொதுக்காரணத்துள் வைத்தார்.

மலையிற் கிடைப்பதெல்லாம் சித்த மருத்துவம் என்று எழுதும் வழக்கம் பெருகியுள்ளது. சோலிகரின் மூலிகையறிவு வாய்மொழியாக வருவது. காட்டின் தேன், நெல்லி, பாசி, கிழங்கு ஆகியவற்றோடு இணைந்தது. அதற்குச் சுவடியில்லை; முக்குற்றக் கணக்கு அதற்கு அடிப்படையுமன்று. அதனைச் சித்தத்துள் அடக்குதல் சோலிகர்க்கும் நீதியாகாது, சித்தத்துக்கும் பெருமையாகாது. அண்டையிலுள்ள பிளிகிரிரங்கன் மலையில் 1981இல் தொடங்கிய விவேகானந்தா கிரிசன கல்யாண கேந்திரம் சோலிகரிடையே மருத்துவப் பணியாற்றி வருவது. அம்மலையின் சோலிகர் 2011இல் வனவுரிமைச் சட்டத்தின்படி சமுதாய உரிமை பெற்றனர். மாதேஸ்வரன் மலைக்காடு 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மூட்டு வலிக்கு உதவும் மரப்பிசினும் பட்டையும் அதன்பின் வெறும் மருந்துச் சரக்கு அல்ல, உரிமை பற்றிய பொருளுமாயின.

அப்பிசின்களுள் ஒன்று பெயர்க் குழப்பத்திற்குத் தக்க சான்று. இம்மலையின் வறண்ட இலையுதிர் காடுகளில் பறங்கிச் சாம்பிராணி மரம் வளர்கின்றது. வடமொழியார் இதனைச் சல்லகி என்பர். சித்த மருத்துவத்தில் மூட்டு நோய்க்குக் குங்கிலிய பற்பமும் குங்கிலியத் தைலங்களும் வழங்குகின்றன. ஆனால் மருந்து நூல்கள் குங்கிலியம் என்று கொள்வது வடநாட்டுச் சால மரத்தின் பிசினை. கருங்குங்கிலியம் என்பதோ ஈரக்காடுகளில் வளரும் மூன்றாவது மரத்தினுடையது. நாகபுரியில் முழங்கால் தேய்வுற்ற 30 நோயாளரிடம் செய்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு, சல்லகிப் பிசினால் வலியும் வீக்கமும் குறைந்ததாகத் தெரிவித்தது. சிறிய ஆய்வே ஆயினும் பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. அதனைக் குங்கிலியத்துக்குச் சான்றாகக் காட்டும் தமிழ்க் கட்டுரைகள், ஒரு மரத்தின் பயனை மற்றொரு மரத்தின் கணக்கில் எழுதுகின்றன.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பகுப்பேட்டில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்களுக்கென அமைந்த பகுதி 2024 சனவரியில் வெளியிடப்பட்டது. அதற்கு முன்னரே இந்திய அரசின் ஆயுசு அமைச்சகம் 2017இல் தொடங்கிய நமஸ்தே தரவுத்தளத்தில் மூன்று மருத்துவங்களின் பெயர்களுக்கும் தனித்தனிக் குறியெண்கள் வழங்கப்பட்டிருந்தன. பாலாற்றுக்கு இப்பால் மேட்டூரில் ஒரு சித்த மருத்துவர் அழல் கீல்வாயு என்று எழுதும் முழங்காலை, அப்பால் கொள்ளேகாலத்தில் ஓர் ஆயுர்வேத மருத்துவர் சந்திகத வாதம் என்று எழுதுவார். முன்னவர் குறியெண்ணில் அழலும் பின்னவர் குறியெண்ணில் வளியும் முதற்காரணமாக நிற்கும். நோயாளியோ இருவரிடமும் கீலைத் தொட்டுக் காட்டி ஒரே சொல்லால்தான் நோவைச் சொல்லியிருப்பார்.